உள்கம்ப்யூட்டருக்கு ஒரு தூக்குச்சட்டி

எங்கள் தொழிலில் ஒரு பைலை ஒரு சாண் தள்ளி வைப்பதற்கு அரைநாள் ஆகும், அதற்குச் சம்பளமும் கொடுப்பார்கள்.

சிரிக்காதீர்கள். நீங்களும் ஏதாவது ஒரு கம்பெனியில் ஐ.டி. சப்போர்ட் என்ற பேரில் காலம் தள்ளுகிறவராக இருந்தால், "நெட் வரல", "பிரின்டர் முறைக்குது", "பாஸ்வேர்ட் மறந்துபோச்சு, நீங்களே ஒண்ணு நெனச்சுச் சொல்லுங்க" என்று வரும் போன்களுக்கு நடுவே சோறு தின்கிறவராக இருந்தால், நான் படும் பாடு உங்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்கிறேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் வீட்டுக்காரருக்கே இன்னும் புரியவில்லை, அது வேறு கதை.

நான் சித்ரா, ஊத்தங்கரைப் பக்கம். ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே கண்ணாடி போட்ட ஏசி ரூம் ஒன்று உண்டு. கியரின் ஒவ்வொரு பல்லும் சரியாக இருக்கிறதா என்று அளந்து சொல்லும் மிஷின் அதற்குள் இருக்கிறது. மிஷினுக்கு வயதாகிவிட்டது, ஆனால் உழைப்பில் குறை சொல்ல முடியாது. வம்பு என்னவென்றால், அதை ஓட்டும் சாப்ட்வேர் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தப் பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைவிட்டுக் கண்ணை மூடிவிட்டது. புதுசு வாங்கி வைத்தால் மிஷின் அதனோடு பேசமாட்டேன் என்றது. கடைசியில் புதுக் கம்ப்யூட்டரின் திரைக்குள்ளேயே, பழைய விண்டோஸ் ஓடும் இன்னொரு கம்ப்யூட்டரை நான் உருவாக்கி வைத்தேன். கையால் தொட முடியாது, ஆனால் வேலை மட்டும் நிஜமாகவே செய்யும். வெர்ச்சுவல் மிஷின் என்பார்கள். எங்கள் ரூமில் அதற்கு உள்கம்ப்யூட்டர் என்று பேர். அதைச் சுமக்கிற புதுசு, வெளிகம்ப்யூட்டர்.

பழைய விண்டோஸுக்கு நோஞ்சான் உடம்பு. ஒரு வைரஸ் எட்டிப் பார்த்தாலே படுத்துவிடும். அதனால் உள்கம்ப்யூட்டருக்கு நெட் கிடையாது, பென்டிரைவ் கிடையாது, வெளியே காப்பி பண்ணி உள்ளே பேஸ்ட் பண்ணும் வழியும் கிடையாது. அளக்கும் மிஷினிலிருந்து வரும் ஒரே ஒரு கேபிள்தான் அதற்குச் சொந்தபந்தம். பத்திரமாகப் பூட்டிவிட்டேன் என்று பெருமையாக நின்றபோதுதான், அளந்த ரிசல்ட்டை எப்படி வெளியே எடுப்பது என்று ஒருத்தர் கேட்டார்.

புனேக்கு எந்த பஸ்?

கேட்டவர் அந்த ரூமின் இன்சார்ஜ் மஞ்சுளாக்கா. வேப்பனப்பள்ளியில் பிறந்து, கெலவரப்பள்ளி அணைப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவருக்கு வாழ்க்கைப்பட்டவர். வீட்டில் தெலுங்கு, லைனில் கன்னடம், என்னைத் திட்டுவதற்குத் தமிழ். அடக்கம் ஒடுக்கம் எல்லாம் அவரிடம் எதிர்பார்க்கக் கூடாது. "ஓசூர்ல இருந்து பெங்களூர் வரைக்கும் என்னை மாதிரி கியர் அளக்கறவ இருந்தா கூட்டிட்டு வா, பாக்கலாம்" என்று ரூமுக்குள் வருகிற எல்லாரிடமும் சொல்வார். கேட்கும்போது எரிச்சலாக இருக்கும். ஆனால் கூட்டிக்கொண்டு வர எனக்கும் ஆள் கிடைக்கவில்லை.

அப்போதெல்லாம் உள்ளே தெரியும் எண்களைக் கண்ணால் பார்த்து, வெளிகம்ப்யூட்டரில் கையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். இது எப்படியோ மேலிடத்தின் காதுக்குப் போய்விட்டது. புனேயில் எங்கள் கம்பெனிக்கு இன்னொரு ஆலை இருக்கிறது. அங்கே புத்தம்புது அளவு மிஷின் வந்திருக்கிறது. ஆடி மாசத்தில் ஒருநாள் குவாலிட்டி மேனேஜர் ராமமூர்த்தி சார் எங்கள் இருவரையும் கூப்பிட்டு விஷயத்தை உடைத்தார். புது கஸ்டமர் ஒருவருடைய கியர் ஆர்டர் வரப்போகிறது. மார்கழியில் அவர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். பைல் போய் வருவது பாதுகாப்பாக இருக்கிறது, அளவும் நம்பும்படி இருக்கிறது என்று அவர்கள் ஒப்புக்கொண்டால் ரூம் இங்கேயே இருக்கும். இல்லையென்றால் ரூமை மூடிவிட்டு அளவு வேலை முழுக்கப் புனேக்குப் போய்விடும். மஞ்சுளாக்காவும் கூடவே போகவேண்டும், முடியாவிட்டால் வேலையை விடவேண்டும்.

மஞ்சுளாக்கா முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. கேன்டீனுக்கு வந்து, டீயை ஒரு மடக்கு குடித்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்க வீட்டுக்காரரு ரோஜாத் தோட்டத்தை எந்த பஸ்ல ஏத்திப் புனேக்குக் கொண்டு போறதுன்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லு சித்ரா."

பேர் வைத்தவர்

மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். ஒரு சின்ன டிஸ்க் செய்தேன், அதுவும் நிஜ டிஸ்க் இல்லை, இருக்கிற மாதிரி ஒன்று. அதை வெளிகம்ப்யூட்டரில் மாட்டினால் உள்ளே தெரியாது. கழற்றி உள்ளே மாட்டினால் வெளியே தெரியாது. ஒரே சமயத்தில் இரண்டு பக்கமும் திறந்திருக்க வழியே இல்லை. கஸ்டமர் அனுப்பும் பைலை வெளியே வைத்து வைரஸ் இருக்கிறதா என்று சோதித்து, டிஸ்கில் போட்டு, கழற்றி, உள்ளே மாட்டவேண்டும். அளந்த ரிசல்ட் அதே வழியில் திரும்பி வரவேண்டும்.

இதைப் படம் போட்டு, அம்புக்குறி போட்டு, ரூமில் இருந்தவர்களுக்கு விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும் தலையாட்டினால் யாருக்கும் புரியவில்லை என்று அர்த்தம், இது நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மஞ்சுளாக்கா எழுந்தார். "இங்க பாருங்கப்பா. வீட்ல இருந்து தூக்குச்சட்டில சோறு வருது. கேட்ல செக்யூரிட்டி தெறந்து பாத்து மூடிக் குடுக்கறான். உள்ள நாம சாப்புடறோம். தூக்கு திரும்பி வெளிய போகுது. வீட்டு ஆளு உள்ள வர்றதில்ல, நாம வெளிய போறதில்ல. தூக்கு மட்டும் போகுது, வருது. அவ்ளோதான்" என்றார். எல்லார் முகமும் பளிச்சென்று ஆகிவிட்டது.

அன்றிலிருந்து அந்த டிஸ்குக்குத் தூக்குச்சட்டி என்றே பேர். அவசரத்துக்குத் தூக்கு. நான் அதற்கு யோசித்து யோசித்து நீளமாக ஒரு பேர் வைத்திருந்தேன், அதை ஒருத்தரும் சீண்டவில்லை. என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அக்கா தோளைத் தட்டிச் சொன்னார்: "சாம்பார் சிந்தாம கொண்டாந்து சேக்கறது உன் வேலை, பேரு வெக்கறது என் வேலை."

கழுவி விட்ட ஷிப்ட்

கூடவே இன்னொரு ஏற்பாடும் செய்தேன். ஷிப்ட் முடிகிற மணி அடித்ததும் உள்கம்ப்யூட்டர் தானாக அணைந்து, நான் சுத்தமாகப் பதிந்து வைத்திருக்கும் பழைய நிலைக்கே திரும்பிவிடும். அன்றைக்கு ஏதாவது அழுக்கு உள்ளே ஒட்டியிருந்தாலும் அதோடு போய்விடும். கழுவி விடுவது என்று ரூமில் சொல்வார்கள். தூக்கில் போட்டு வைத்தது போகாது, மற்றதெல்லாம் போய்விடும். ஆனால் அந்தப் பழைய சாப்ட்வேர் பிடிவாதக்காரி. ரிசல்ட்டைத் தன் வீட்டுக்குள்தான் வைப்பாள், நேரே தூக்கில் வைக்கமாட்டாள். மணி அடிப்பதற்குள் நாம்தான் கையால் எடுத்துத் தூக்கில் போடவேண்டும்.

இசக்கி திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்த இன்ஜினியர். மஞ்சுளாக்காவுக்கு அடுத்தபடி அந்த மிஷினில் உட்காருகிறவர் அவர்தான். வேகமான கை. ஒருநாள் காலை ஷிப்ட் முழுக்க அளந்து தள்ளி, எல்லா ரிசல்ட்டையும் உள்கம்ப்யூட்டரிலேயே அழகாக அடுக்கி வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். மணி அடித்தது. திரும்பி வந்து பார்த்தால் உள்ளே துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. நான் எங்கெங்கோ தோண்டிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. நான் கழுவினால் அவ்வளவு சுத்தமாகக் கழுவுவேன், அந்தப் பெருமையை அன்றைக்கு வெளியே சொல்ல முடியவில்லை.

மஞ்சுளாக்கா கத்துவார் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றோம். கத்தவில்லை. லாரிக்குப் போயிருந்த கியர்களைத் திரும்ப இறக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போன் பண்ணி "இன்னிக்கு லேட்டாவும்" என்று தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னார். அப்புறம் இசக்கிக்கு டீ வரவழைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, முதல் கியரிலிருந்து மறுபடி அளக்க ஆரம்பித்தார். பொழுது சாயும்வரை இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. அந்த ரூமைப் பார்த்து, எனக்கு இப்படி ஒரு இன்சார்ஜ் இல்லையே என்று நான் பொறாமைப்பட்டது உண்மை. இசக்கி கடைசியில் சொன்னார்: "யக்கா, எங்கூர்ல இப்படி ஒரு சோலியக் கெடுத்தா ஊரையே கூட்டிருவாவ, நீங்க டீ வாங்கித் தாரிய."

மூன்று பாஷையில் ஒரு கேள்வி

மறுநாள் முதல் ரூமில் ஒரு வழக்கம் வந்தது. மணி அடிக்கப் போகிற நேரத்தில் மஞ்சுளாக்கா கண்ணாடிக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, "தூக்கு எடுத்தாச்சா?" என்று ஒரு சத்தம் போடுவார். அதோடு விடமாட்டார். "தூக்கு தெகெத்ரா?" என்று கன்னடத்தில் ஒன்று, "தூக்கு தீசாரா?" என்று தெலுங்கில் ஒன்று. மிஷினில் யார் உட்கார்ந்திருந்தாலும், அவர்கள் எந்த ஊராக இருந்தாலும், எந்த நினைப்பில் இருந்தாலும் திடுக்கிட்டு ரிசல்ட்டை எடுத்துத் தூக்கில் போட்டுவிடுவார்கள். பதில் வரும்வரை அக்கா கதவை விடமாட்டார்.

இதைவிட நல்ல ஏற்பாடு ஒன்றை நான் கம்ப்யூட்டரில் செய்திருக்கலாம். திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வரும்படி செய்துகூடப் பார்த்தேன். இரண்டாம் நாளே பார்க்காமல் மூடப் பழகிவிட்டார்கள். அக்காவின் தொண்டையை மூடுவதற்கு மட்டும் யாருக்கும் தைரியம் வரவில்லை. போகப் போக லைன் முழுக்க அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தது. "ஆச்சு", "ஆய்த்து", "அயிந்தி" என்று எல்லா மூலையிலிருந்தும் குரல் வரும். போர்க்லிப்ட் ஓட்டுகிறவர்கூட வண்டியை நிறுத்திவிட்டு "ஆச்சுக்கா!" என்பார். உங்களுக்கும் தூக்குக்கும் என்னங்க சம்பந்தம் என்று ஒருநாள் கேட்டேன். அவர் சொன்னார்: "எதை எடுத்தாச்சான்னு கேக்கறாங்கன்னே எனக்குத் தெரியாதுங் மேடம், ஆனா ஆச்சுன்னு சொன்னாத்தான் அந்தக்கா கதவைச் சாத்தறாங்க."

உள்ளே ஒரு பொட்டு

ஆயுத பூஜை வந்தது. ஓசூரில் ஆயுத பூஜை எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. மிஷின்களைக் குளிப்பாட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, கேட்டில் பூசணிக்காய் உடைத்து, கை நிறையப் பொரி கடலை வாங்கிக்கொண்டு போவோம். அளவு மிஷினுக்கு மாலை போட்டாயிற்று. வெளிகம்ப்யூட்டரின் மானிட்டரில் பொட்டு வைத்தாயிற்று. மஞ்சுளாக்கா மட்டும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "வேலை செய்யறது உள்கம்ப்யூட்டர். பொட்டு வாங்கறது வெளிகம்ப்யூட்டரா? இது என்ன நியாயம்?" என்றார்.

மானிட்டர் இரண்டுக்கும் பொதுதானே அக்கா என்றேன். எடுபடவில்லை. பொட்டு வைத்த படம் ஒன்றைத் தூக்கில் வைத்து உள்ளே அனுப்பு என்றார். அளவு சம்பந்தப்பட்ட பைலைத் தவிர வேறு எதுவும் உள்ளே போகக்கூடாது, ரூல் என்றால் ரூல்தான், சாமி படமானாலும் சரி என்று நான் ஒற்றைக் காலில் நின்றேன். அக்கா என்னை ஒரு முறை முறைத்துவிட்டு உள்கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். பழைய விண்டோஸிலேயே படம் வரைகிற ஒரு சின்ன சாப்ட்வேர் இருக்கும், நமக்கெல்லாம் ஞாபகம் இருக்குமே, அதைத் திறந்தார். மவுஸைப் பிடித்து மஞ்சளாக ஒரு தீற்று, அதன் நடுவில் சிவப்பாக ஒரு பொட்டு. அதையே திரையின் பின்னணியாக வைத்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மணி அடிச்சா இதையும் கழுவிடுவியே, இப்பவே சுத்தம்னு புதுசாப் பதிஞ்சு வெச்சுக்கோ" என்றார்.

நான் அசந்துபோய்விட்டேன். உள்கம்ப்யூட்டர் எப்படிக் கழுவப்படுகிறது, எங்கே திரும்பிப் போகிறது என்பதை என்னைவிடத் தெளிவாக மனதில் வைத்திருக்கிறாரே! அவர் சொன்னபடியே பதிந்து வைத்தேன். இன்றைக்கும் ஒவ்வொரு ஷிப்ட்டும் உள்கம்ப்யூட்டர் நெற்றியில் பொட்டோடுதான் எழுந்திருக்கிறது. ராமமூர்த்தி சார் ரூல் விஷயத்தில் கறார். பொரியை மென்றுகொண்டே அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சொன்னார்: "வெளியில இருந்து பைல் எதுவும் உள்ள போகலை இல்ல? அப்ப எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை."

மல்கோவா

ஐப்பசியில் கஸ்டமர் பக்கத்திலிருந்து பிரகாஷ் என்பவர் போனில் வந்தார். மார்கழியில் வந்து பார்க்கப்போகிறவர் அவர்தான். பெங்களூர்க்காரர், நல்ல தமிழ் பேசுவார், சந்தேகப்படுவது எப்படி என்று அவரிடம்தான் கற்றுக்கொள்ளவேண்டும். கியரின் நம்பரோ பேரோ எந்த பைலின் பேரிலும் இருக்கக்கூடாது, வழியில் யார் பார்த்தாலும் அது எந்த கியர் என்று தெரியக்கூடாது, அதற்கு நீங்கள் என்ன முறை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ராமமூர்த்தி சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இதைப்பற்றி ஒரு மீட்டிங் போட்டு யோசித்து என்று ஆரம்பித்தார். மஞ்சுளாக்கா குறுக்கே புகுந்து, "எங்க ரூம்ல எல்லாமே மாம்பழம் சார்" என்றார்.

உண்மைதான். அந்தப் பழைய சாப்ட்வேருக்கு இங்கிலீஷில் எட்டு எழுத்துக்கு மேல் பேர் இருந்தால் தொண்டையில் சிக்கிக்கொள்ளும். அதனால் அக்கா ரொம்ப வருஷமாகவே கியர் பைல்களுக்கு அவர் அம்மா வீட்டு மாந்தோப்பிலிருந்து பேர் வைத்துக்கொண்டிருந்தார். நீலம், செந்தூரா, பீத்தர், மல்கோவா. பெரிய கியருக்குப் பெரிய பழம். பங்கனபள்ளி எட்டு எழுத்தில் அடங்காது, ஆகவே அந்த ரகம் எங்கள் ரூமில் விளையாது. போனில் பிரகாஷ் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் கியர் எந்த ரகம் என்று கேட்டார். மல்கோவா என்றார் அக்கா, யோசிக்காமல். அவர் சொன்னார்: "சரி மேடம், மல்கோவா பழுத்ததும் எனக்கு ஒரு போன் பண்ணுங்க."

சத்தம் போடாத நாள்

மார்கழி வந்தது. பிரகாஷ் வருகிற நாளும் வந்தது. காலையிலேயே வரவேண்டியவர், அத்திப்பள்ளி டிராபிக்கில் மாட்டிக்கொண்டு, வந்து சேரும்போது காலை ஷிப்ட்டில் பாதி போய்விட்டது. ராமமூர்த்தி சார் எங்களை முன்கூட்டியே தனியாகக் கூப்பிட்டு, வெளியாள் வருகிறார், இன்றைக்கு ஒருநாள் மட்டும் அந்தக் கத்தல் வேண்டாம், கொஞ்சம் டீசன்ட்டாக இருப்போம் என்று சொல்லியிருந்தார். மஞ்சுளாக்கா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். சரி சார் என்று தலையாட்டினார். ரூமை மூடினால் அவருக்குப் புனேதான். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் அவர் தலையாட்டியிருப்பார்.

பிரகாஷ் முதலில் என்னைத்தான் பிடித்தார். உள்ளேயிருந்து வெளியே காப்பி பண்ணிப் பார்த்தார், வரவில்லை. என்னிடம் ஒரு பென்டிரைவை வாங்கிச் செருகிப் பார்த்தார், உள்ளே தெரியவில்லை. தூக்கை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் மாட்டச் சொன்னார், நானே நினைத்தாலும் முடியாது என்று காட்டினேன். மனிதருக்குத் திருப்தி. எனக்கு உச்சி குளிர்ந்தது. அப்புறம் மல்கோவாவை மிஷினில் ஏற்றி மஞ்சுளாக்கா அளந்தார். திரையில் ஒவ்வொரு பல்லின் அளவும் வரிசையாக வந்தது. பிரகாஷ் போனையும் பையையும் கேட்டிலேயே கொடுத்துவிட்டு வந்திருந்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து உள்ளங்கையில் எதையோ கிறுக்கிக்கொண்டார். பிறகு அது என்ன வளைவு, இது ஏன் இப்படி என்று கேள்விமேல் கேள்வி. அக்காவுக்கும் பேசக் கிடைத்தால் விடுவாரா! ஓசூர் முதல் பெங்களூர் வரை ஒரு சுற்று வந்துவிட்டார்.

மணி அடித்தது. எங்கள் ரூமிலிருந்து ஒருத்தரும் சத்தம் போடவில்லை, ஒருத்தரும் ரிசல்ட்டை எடுக்கவில்லை. என் ஏற்பாடு தன் கடமையைச் செய்தது. திரை கருப்பாகி, மறுபடி வெளிச்சம் வந்தபோது, அதில் மல்கோவாவும் இல்லை, ஒரு எண்ணும் இல்லை, நடுவில் பொட்டு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது. இசக்கி கண்ணை மூடிக்கொண்டார். ராமமூர்த்தி சார் எங்கள் எல்லாரையும் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்: "இன்னைக்கும் கத்தியிருக்கலாம் மஞ்சுளா."

உள்ளங்கை

பிரகாஷ் கடிகாரத்தைப் பார்த்தார். ரிசல்ட் கையில் இல்லாமல் நான் போய் என்னத்தைச் சொல்வது என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அக்காவின் ரோஜாத் தோட்டம், பள்ளிக்கூடம் போகும் அவர் பிள்ளைகள், இத்தனை வருஷ வேலை எல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றன. மஞ்சுளாக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு நாற்காலியை அவர் பக்கம் தள்ளினார். "உக்காருங்க சார். கியர் இங்கதான் இருக்கு, மிஷின் இங்கதான் இருக்கு, நானும் இன்னும் புனேக்குப் போகலை" என்றார்.

கியர் மிஷினிலேயே மாட்டியபடி இருந்தது. அப்படியே இன்னொரு தடவை ஓட்டினால் சீக்கிரம் முடிந்துவிடும். அக்கா அதைக் கழற்றி, துடைத்து, மேஜையில் வைத்துவிட்டு, முதலிலிருந்து மறுபடி மாட்டினார். ஏன் மேடம், நேரம் ஆகுமே என்றார் பிரகாஷ். "அப்படியே விட்டு அளந்தா, முதல்ல கோணலா மாட்டியிருந்தாலும் அதே எண்ணுதான் வரும், நீங்க நம்பக்கூடாது சார்" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார் அக்கா. மனிதர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கடைசிப் பல் முடிந்ததுதான் தாமதம், அக்கா கதவைத் திறந்து மூன்று பாஷையிலும் ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், ராமமூர்த்தி சாரே "ஆச்சு, ஆச்சு" என்றார். இசக்கி ரிசல்ட்டைத் தூக்கில் போட்டார், நான் கழற்றி வெளியே மாட்டினேன்.

வெளிகம்ப்யூட்டரில் ரிசல்ட் திறந்தது. பிரகாஷ் எழுந்து வந்து உள்ளங்கையை விரித்தார். முதல் தடவை திரையில் பார்த்த எண்களில் சிலவற்றை அதில் குறித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். இது சரி, இதுவும் சரி, இதுவும். ஒரு பல்லில் மட்டும் நின்றார். கடைசி இலக்கம் கொஞ்சம் மாறியிருந்தது. போச்சுடா சாமி என்று நான் நினைத்தேன். மஞ்சுளாக்கா மட்டும் அசையவில்லை. "கழட்டி மாட்டினா அந்த அளவுக்கு மாறும் சார், மாறணும்" என்றார். பிரகாஷ் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "எல்லாம் அப்படியே அச்சா ஒண்ணா வந்திருந்தா, இந்த உள்கம்ப்யூட்டர் எங்கயோ ஒளிச்சு வெச்ச பழசையே காட்டுதுன்னு நெனச்சிருப்பேன் மேடம், இந்த ஒரு புள்ளி மாறினதாலதான் நம்பறேன்."

மறுநாள் காலை

பொங்கலுக்கு முன்னால் முடிவு வந்தது. ஆர்டர் எங்களுக்கு. ரூம் இங்கேயே இருக்கும். ராமமூர்த்தி சார் அதைச் சொன்னபோது மஞ்சுளாக்கா "எனக்குத் தெரியும் சார்" என்று கெத்தாகச் சொல்லிவிட்டு, கண்ணாடி ரூமுக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரொம்ப நேரம் மிஷினைத் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை. நான் உள்ளே போகவில்லை. எனக்கும் கண் கலங்கியிருந்தது, போயிருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து மானத்தை வாங்கியிருப்போம்.

மறுநாள் காலை நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, போன் அடித்தது. அக்காதான். தூக்கைக் கழற்றி மாட்டுவதற்குள் ஒரு டீ ஆறிப்போகிறதாம், இந்த லட்சணத்தில் ஒரு ஐ.டி. டிபார்ட்மென்ட் எதற்காம். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லி முடித்தார்: "புனேக்குப் போயிருந்தா புது மிஷின், புது கம்ப்யூட்டர்னு ராணி மாதிரி இருந்திருப்பேன், உன்னோட இந்த ஆமைத் தூக்கை வெச்சுக்கிட்டு மாரடிக்கணும்னு என் தலையில எழுதியிருக்கு பாரு."

எங்கள் தொழிலில் ஜெயித்தோமா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு: மறுநாள் காலையிலும் நம்மைத் திட்டுவதற்கு அதே ஆள் அதே நாற்காலியில் இருக்கவேண்டும்.